தம்பிக்கு, மூன்றாவது வீடும் கைநழுவிய பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி போனில் "இதுவும் போச்சுக்கா" என்றதோடு நிறுத்திக்கொண்டாய். நானும் கிளறவில்லை. சொல்ல நினைத்ததை எழுதிவிடுகிறேன்.

"அடுத்ததை எவ்வளவு ஆனாலும் விடமாட்டேன்" என்று கிளம்பப் போகிறாய். எனக்குப் பயமே அதுதான். பத்துப் பேர் விலை கேட்கிற வீடு, பெரும்பாலும் அதை மிக அதிகமாக மதிப்பிட்டவர் கையில்தான் போய் விழும். 1971-இல் எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள் மூன்று பேர் எண்ணெய் வயல் ஏலங்களை வைத்து இதை எழுதினார்கள். ஏலம் எடுத்த நிறுவனங்களுக்கு எதிர்பார்த்த லாபம் வரவில்லை. போட்டி கூடக்கூட அடக்கி வாசிக்க வேண்டும் என்றார்கள். 'வென்றவரின் சாபம்' என்று அதற்குப் பெயர். நீ குடியிருக்க வாங்குகிறாய், லாபத்துக்கு அல்ல. ஆனாலும் போட்டி என்று வந்துவிட்டால் நமக்கும் புத்தி அப்படித்தான் போகிறது.

அதனால் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்றே, தரகர் "இன்னும் ரெண்டு பேர் கேட்கிறாங்க" என்று போன் செய்வதற்கு முன்னால், உன் கடைசி விலையைத் தாளில் எழுதிவிடு. அதற்கு மேல் கொஞ்சம் கொடுத்து வேறொருவர் வாங்கிவிட்டால் "போகட்டும்" என்று உன்னால் சொல்ல முடிய வேண்டும். அதுதான் சரியான எண்.

கடன் கணக்கையும் போட்டுப் பார். கேட்கிற விலை 100, நீ 110 சொல்கிறாய் என்று வை. வங்கி 80 சதவீதம் தரும், கையிலிருந்து 22 போட்டால் போதும் என்று நினைப்பாய். வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து "இது 100-தான் பெறும்" என்றால் 80-தான் கிடைக்கும். உன் பங்கு 30. அந்த 8-க்கு எங்கே போவாய்?

போட்டிக்குப் பயந்து "வீட்டைப் பரிசோதிக்க வேண்டாம்" என்று மட்டும் எழுதிக் கொடுக்காதே. நான் கொடுத்தேன். படுக்கையறையில் ஒரு சுவருக்கு மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தது. எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்! மூன்றாம் மாதம் அலமாரியை நகர்த்தினால், விரல் பட்ட இடமெல்லாம் பொருபொருவென்று உதிர்ந்தது. உள்ளே குழாய் கசிவு. விலை சொல்வதற்கு முன்பே ஒரு பொறியாளரைக் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிடு. "பரிசோதித்த பிறகுதான் வாங்குவேன்" என்று நிபந்தனை போடாமல் விலை சொல்கிற தைரியம் அப்போது வரும்.

பத்திரத்தை வக்கீல் பார்க்கட்டும். கடன் ஒப்புதல் கடிதம் கையில் இருக்கட்டும். இதெல்லாம் உனக்கே தெரியும்.

விற்கிறவருக்குப் பணத்தைத் தவிர வேறென்ன வேண்டும் என்று யாருமே கேட்பதில்லை. இப்போது நாங்கள் இருக்கும் வீட்டுக்கு எங்கள் விலை இரண்டாவதுதான். அவர்கள் பிள்ளைக்குப் பரீட்சை முடிகிற வரை இரண்டு மாதம் இருந்துகொள்ளட்டும் என்றோம். எங்களுக்கே கொடுத்தார்கள். ஆனால் உன் ஆசையை அவர்கள் தரகரிடம் கொட்டிவிடாதே. எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அவர் விற்கிறவரின் ஆள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். டார்ச் எடுத்துக்கொள். அலமாரியை நகர்த்தச் சொல்லி நானே கேட்கிறேன், நீ கூச்சப்படுவாய். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள். எனக்குக்கூடக் காட்ட வேண்டாம்.

அன்புடன்,
அக்கா