பஞ்சப்படி படிக்கட்டு ஆன கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு தமிழைக் கரைத்துக் குடித்துவிட்டது என்கிற மாதிரி ஞாயிற்றுக்கிழமை உங்கள் இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. போன மாதம் மகளின் விசா வேலைக்காக அப்பாவின் ஓய்வூதிய ஆணையை ஒரு செயலியில் போட்டு ஆங்கிலமாக்கினேன். பஞ்சப்படி என்ற இடத்தில் பஞ்சகாலத்துப் படிக்கட்டு என்று பொருள் வரும்படி எழுதியிருந்தது. விலைவாசி ஏறும்போது கூட்டிக் கொடுக்கிற தொகை அது என்பது ஓய்வூதியக்காரர் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கீழே 'மேற்படி நபர்' என்றிருந்தவரோ மேல்படியில் நிற்பவர் ஆகிவிட்டார். நான் உட்கார்ந்து திருத்தினேன். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளை என்றால் அப்படியே தூதரகத்துக்குப் போயிருக்கும்.

ஏறுகிற படி, அரிசி அளக்கிற படி, பத்திரத்தின் படி, பயணப்படி, சொன்னபடி, பாடத்தைப் படி என்று இந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை இருக்கின்றன! கணினி ஒரு சொல்லின் பொருளை எண்களாகத்தான் பிடித்துவைக்கிறது. 2013இல் கூகுளில் உருவான வேர்டுடூவெக் என்ற முறை ஒரு சொல்லுக்கு ஒரே எண்வரிசைதான் கொடுத்தது, அதனால் தனிச்சொல்லாக வரும் படிகள் எல்லாம் ஒரே மூட்டையில் கிடந்தன. 2017இல் டிரான்ஸ்ஃபார்மர் என்ற மாடல் அமைப்பு, அடுத்த ஆண்டு அதை வைத்துச் செய்த பெர்ட் என்ற மொழி மாடல் எல்லாம் வந்த பிறகு அக்கம்பக்கத்துச் சொற்களைப் பார்த்து அந்த எண்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் மாறுகின்றன. பக்கத்தில் அரிசி இருந்தால் ஒரு படி, மாடி இருந்தால் வேறு படி. பலபொருள் ஒருசொல்லை வினை, இனம், சார்பு கொண்டு தெளியலாம் என்று தொல்காப்பியர் கிளவியாக்கம் என்ற இயலில் சொல்கிறாரே, கிட்டத்தட்ட அதேதான்: மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் விலங்கு. இது புரிந்த அன்று எனக்குச் சிலிர்த்தது.

சரி, அப்புறம் ஏன் தப்பு வருகிறது? சார்பை வைத்துப் பொருள் சொல்ல, அந்தச் சார்பை முன்பே நிறையப் பார்த்திருக்க வேண்டும். நம் அரசாணையும் பத்திரமும் பல இடங்களில் ஸ்கேன் செய்த படமாகவோ பழைய எழுத்துருவிலோ, கணினியால் எளிதில் படிக்க முடியாதபடிதான் கிடக்கின்றன. போதாக்குறைக்கு, ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த மாடல்கள் தமிழ்ச் சொல்லைத் துண்டுதுண்டாக வெட்டித்தான் உள்ளே வாங்குகின்றன.

அரசு இனி ஏற்றும் ஒவ்வொரு ஆணையையும் கணினி நேராகப் படிக்கக்கூடிய யூனிகோட் எழுத்தாகவே ஏற்றட்டும். நீங்களும் பழைய இதழ்களை அப்படித் திறந்துவிடுங்கள். ஏல அறிவிப்பு, விவசாயப் பக்கம், வாசகர் கடிதம் எதையும் விட்டுவிட வேண்டாம், மேற்படியும் பஞ்சப்படியும் புழங்குவது அங்கேதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி