ஹெய்மேய்க்கு நீயும் வா

அன்புள்ள மாப்பிள்ளை மாரிமுத்துவுக்கு,

நலம். தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? பேரன் காதுகுத்துப் படங்களைப் பார்த்தோம். பையன் அப்படியே உன் அப்பா ஜாடை, அந்த முறைப்பு உட்பட. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் பாதியிலேயே நிறுத்திவிட்டு "கேட்டேன் கேட்டேன்" என்பாய். அதனால்தான் கடிதம். இதை முழுசாகப் படி.

நேற்று சாயங்காலம் டூர்காரர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஐஸ்லாந்துப் பயணத் திட்டத்தில் ஹெய்மேய் தீவும் சேர்ந்துவிட்டது. படகு கிளம்பும் அளவுக்குக் கடல் அடங்கியிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை, அது நியாயம்தான். எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. உன் அக்கா எழுந்து லைட்டைப் போட்டு, "நெஞ்சு வலியா?" என்று கேட்டாள்.

செப்டம்பர் முதல் வாரம் கிளம்புகிறோம். பாப்பா கட்டிய பணம். கூட வருகிறவர்கள் பெரும்பாலும் நம் வயசுக்காரர்கள். வழிகாட்டி அந்த ஊர்க்காரர், மேனேஜர் நம்ம ஊர்ப் பையன். திட்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று உனக்கே தெரியும், பாப்பா உனக்கும் அனுப்பியிருக்கிறாள். அமெரிக்க நிலத்தட்டும் ஐரோப்பிய நிலத்தட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. விலகிக்கொண்டிருக்கும் திங்வெட்லிர், சில நிமிடத்துக்கு ஒருமுறை கொதிநீரைப் பீய்ச்சும் ஸ்ட்ரோக்கூர், குல்ஃபோஸ் அருவி, கறுப்பு மணல் கடற்கரை, பனியாறு, நீல வெந்நீர்க் குளம். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் தீயணைப்புத் துறையில் காலம் முழுக்க பிராஞ்ச், அதாவது ஹோஸ் முனை, பிடித்தவன் அந்த ஊருக்குப் போய்விட்டு ஹெய்மேயைப் பார்க்காமல் திரும்புவதா? முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் இதைக் கேட்டேன். மேனேஜர் பையன், "அங்கே என்ன சார் இருக்கு?" என்றான். சரி, சொல்கிறேன் என்று எழுந்து நின்றேன். அங்கே சொன்னதை உனக்கும் சொல்கிறேன். உனக்கு இன்னும் விவரமாகவே சொல்லலாம், உனக்குப் பம்ப் தெரியும்.

1973 ஜனவரி 23, அதிகாலை 2 மணிவாக்கில், ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்போது, தீவின் கிழக்குப் பக்கம் தரை பிளந்து தீ எழும்புகிறது. பிளவு நீண்டு நீண்டு 1,600 மீட்டர் ஆகிவிட்டது. கடைசி வீடுகளுக்கும் அதற்கும் சில நூறு மீட்டர்தான் இடைவெளி. பக்கத்திலேயே ஹெல்காஃபெல் என்று ஒரு பழைய எரிமலை, 5,000 ஆண்டாகச் சும்மா கிடந்தது. அதை நம்பித்தான் ஊரே குடியிருந்தது. மொத்தம் சுமார் 5,300 பேர். முந்தின நாள் புயல், அதனால் மீன்பிடிப் படகுகள் எதுவும் கடலுக்குப் போகாமல் துறைமுகத்தில் நின்றன. விடிவதற்குள் ஏறக்குறைய மொத்த ஊரையும் அந்தப் படகுகளில் ஏற்றிப் பெருநிலத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி நோயாளிகளையும் முதியவர்களையும் விமானத்தில் கொண்டுபோனார்கள். ஒரு வெள்ளத்துக்கு ஒரு தெருவைக் காலி செய்ய நாம் பட்ட பாடு உனக்குத் தெரியும், எத்தனை கெஞ்சல், எத்தனை ஆடு மாடு. இவர்கள் ஒரே ராத்திரியில் தீவையே காலி செய்தார்கள்.

அப்புறம் இருநூறு முந்நூறு பேர் தங்கிவிட்டார்கள். கூரைமேல் சாம்பல் குவியக் குவிய மண்வெட்டியால் அள்ளித் தள்ளினார்கள், இல்லையென்றால் பாரம் தாங்காமல் கூரை இறங்கிவிடும். எரிமலை கக்கிய கனல் கற்கள் கண்ணாடியை உடைத்து உள்ளே விழாமலிருக்க ஜன்னல்களில் தகரம் அடித்தார்கள். ஆனால் உண்மையான பயம் வேறு. லாவா துறைமுகத்தின் வாயை நோக்கி நகர்ந்தது. நாட்டின் மீன் வரும்படிக்கு அந்தத் துறைமுகம் மிக முக்கியம். வாய் அடைபட்டால் வீடு மிஞ்சினாலும் பிழைப்பு மிஞ்சாது.

தோர்ப்யோர்ன் சிகுர்கெய்ர்சன் என்ற இயற்பியல் பேராசிரியர்தான், கடல் தண்ணீரை அடித்து லாவாவின் முகத்தை இறுகவைக்கலாம் என்று யோசனை சொன்னார். 1,000 டிகிரிக்கு மேல் கொதிக்கும் பாறைக்குத் தண்ணீர்! நிறையப் பேருக்கு நம்பிக்கை வரவில்லை. நமக்கு அதில் ஆச்சரியமில்லை மாப்பிள்ளை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது 540 கிலோ கலோரியை எடுத்துக்கொண்டு போகும் என்று பயிற்சியின் முதல் வாரத்திலேயே கரும்பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யவைத்தார்களே. அதே கணக்குதான். பிப்ரவரியில் சிறிய பம்புகளை வைத்து ஆரம்பித்தார்கள். தண்ணீர் பட்ட இடத்தில் லாவா தடித்தது, பின்னால் வருவதை அதுவே மறித்தது. மார்ச்சில் மணல் உறிஞ்சும் கப்பல் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதுவும் போதாமல் அமெரிக்காவிலிருந்து நாற்பதுக்கும் மேல் பம்புகளும் கிலோமீட்டர் கணக்கில் குழாயும் வந்து இறங்கின. உச்சத்தில் நொடிக்குச் சுமார் 1,000 லிட்டர். நம் வண்டித் தொட்டி 4,500 லிட்டர். அங்கே அது 5 நொடிக்குத் தாங்காது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நீயும் நானும் "சிக்கனமா அடி, சிக்கனமா அடி" என்று கத்தியதை நினைத்துப் பார்.

இனி சொல்வதை நீ ரசிப்பாய். கூழ் ஆறும்போது மேலே ஏடு படர்வதுபோல லாவாவின் மேற்பரப்பு இறுகியிருக்கும், அடியில் நெருப்பு நகரும். அந்த ஏட்டின் மேல் புல்டோசர் ஓட்டிப் பாதை போட்டார்கள். அந்தப் பாதையில் குழாயை இழுத்துக்கொண்டு போனார்கள், அதுவும் பிளாஸ்டிக் குழாய். உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடுகிறவரை குழாய் உருகவில்லை. பம்ப் நின்றால் குழாய் போயிற்று. ஆகவே பம்ப் நிற்கக் கூடாது, இரவும் கூடாது, பகலும் கூடாது. நீராவியில் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. அதில் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்த கூட்டத்துக்குத் 'தற்கொலைப் படை' என்றே பெயர் வந்துவிட்டது. அந்த ராஜபாளையம் பஞ்சுக் கிடங்கு நினைவிருக்கிறதா? பேலுக்குள்ளே கனன்றுகொண்டிருந்ததை நாள் கணக்கில் விடாமல் நனைத்தோமே. வெளியே இருந்து பார்த்தவர்கள், "தீதான் அணைஞ்சுபோச்சே, ஏன் இன்னும் அடிக்கிறாங்க?" என்று கேட்டார்கள். ஹெய்மேயில் ஐந்து மாதம் அப்படி அடித்திருக்கிறார்கள்.

எல்லாம் வெற்றி என்று சொல்ல மாட்டேன். அந்தப் பிளவின் மேல் புதிதாக எழும்பிய மலையின் ஒரு துண்டே பிய்ந்து லாவாவின் மேல் மிதந்து வந்து கதிகலங்கவைத்தது. மார்ச் கடைசியில் லாவா ஊருக்குள் புகுந்து தெருத் தெருவாக மூடியது. மொத்தத்தில் சுமார் 400 வீடுகள் போயின. ஜூலை 3ஆம் தேதி எரிமலை தானாக ஓய்ந்தது. அதற்குள் 60 லட்சம் கன மீட்டருக்கு மேல் கடல்நீர் அடித்து முடித்திருந்தார்கள். துறைமுகம் பிழைத்தது. வாய் குறுகியதால் முன்னைவிட அதிகப் பாதுகாப்பான துறைமுகமாகிவிட்டது. ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். ஆறாத லாவாவின் சூட்டிலேயே குழாய் பதித்துப் பல வருஷம் வீடுகளைக் கதகதப்பாக வைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் எரிமலையை அணைக்கப் போகவில்லை, மாப்பிள்ளை. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்று முடிவு செய்துகொண்டு அந்தக் கோட்டில் நின்றார்கள். நம் தொழிலின் முழுப் புத்தியும் அதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். எரிகிற குடோனை விட்டுவிட்டுப் பக்கத்துக் குடிசைகளை நனைத்ததற்காக நீ வாங்கிய மெமோ இன்னும் எனக்கு நெஞ்சில் நிற்கிறது. அன்றைக்கு நீ செய்ததுதான் சரி. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

இவ்வளவு பெரிய சம்பவத்தில் இறந்தவர் ஒரே ஒருவர். லாவாவில் இல்லை, வாயுவில். காற்றைவிடக் கனமான வாயு பள்ளமான பக்கங்களிலும் வீட்டு நிலவறைகளிலும் வந்து தேங்கியிருந்தது. அப்படி ஒரு நிலவறையில் இறங்கியவர் ஏறவில்லை. இதைப் படித்த அன்று வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. செல்வராஜ் அந்தக் கிணற்றில் இறங்கும்போது கயிறு என் கையில்தானே இருந்தது. மேலே வெயில், உள்ளே தெளிவாகத் தண்ணீர் தெரிந்தது, வாடை கூட இல்லை. அவன் பொண்ணு கல்யாணப் பத்திரிகை போன வாரம் வந்தது. உனக்கும் வந்திருக்கும். நாம் இரண்டு பேரும் போக வேண்டும், அன்றைக்கு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதே.

கூட்டத்தில் நான் செல்வராஜைப் பற்றிச் சொல்லவில்லை. பம்பையும் துறைமுகத்தையும் மட்டும் சொன்னேன். முடித்ததும் மேனேஜர் வாய் திறப்பதற்குள், முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், "கடைசி நாள் ஷாப்பிங்கை எடுத்துட்டு இதை வைங்க" என்றார். அப்புறம் ஒவ்வொரு கையாக உயர்ந்தது. அந்தப் பையனுக்கே ஆர்வம் வந்து பத்து நாள் ஐஸ்லாந்து ஆட்களோடு பேசி முடித்திருக்கிறான். லாண்டெயாஹொஃப்ன் துறையிலிருந்து படகில் அரை மணிக்குச் சற்றுக் கூட. எல்ட்ஃபெல் என்ற அந்தப் புது மலை, உயரம் சுமார் 200 மீட்டர், மேலே ஏறலாம். சாம்பலில் புதைந்த ஒரு வீட்டைத் தோண்டியெடுத்து அதைச் சுற்றியே எல்ட்ஹெய்மர் அருங்காட்சியகத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

இந்தக் கதை 1973ஓடு முடியவும் இல்லை. 2023 நவம்பரில் அதே ஐஸ்லாந்தில் கிரிந்தாவிக் ஊரை, சுமார் 3,800 பேர், ஒரே ராத்திரியில் காலி செய்தார்கள். லாவாவைத் திருப்பிவிட மண் கரைகள் எழுப்பினார்கள். 2024 ஜூனில் ஸ்வார்ட்செங்கி மின்நிலையத்தின் பக்கம் லாவா கரையைத் தாண்டி வழிந்தபோது தீயணைப்பு வீரர்கள் ஹோஸ் பிடித்து நின்றார்கள். படத்தைப் பார்த்தேன். தலைக்கவசமும் நிற்கிற நிலையும் நம் ஆட்கள் மாதிரியே இருந்தது. அவர்களில் ஒருவரையாவது கண்டு கை குலுக்க வேண்டும் என்று வழிகாட்டிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

சரி, ஆயத்தங்களைச் சொல்கிறேன். தினமும் காலையில் அழகர்கோயிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறி இறங்குகிறோம், புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு. பூட்ஸை ஊரிலேயே பழக்கிவிட வேண்டும் என்பது கண்டிப்பான உத்தரவு. பருத்தி உள்ளாடை கூடாது, நனைந்தால் காயாது. தோலை ஒட்டிக் கம்பளி, அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் காற்றும் மழையும் புகாத சட்டை. விலையைக் கேட்டால் உனக்குத் தலை சுற்றும், எனக்குச் சுற்றியது. ஒரு கையுறைக்கு அவ்வளவு பணமா! குடை வேண்டவே வேண்டாம், அந்தக் காற்று கார்க் கதவையே பிய்த்துவிடுமாம். தண்ணீர் பாட்டில் வாங்கத் தேவையில்லை, குழாய்த் தண்ணீரே அருமை. வெந்நீர் மட்டும் கந்தக வாடை அடிக்கும். குளத்தில் இறங்குமுன் ஆடையில்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும் என்றதும் உன் அக்கா, "நான் கரையில உட்கார்ந்து பார்த்துக்கிறேன்" என்று முடித்துவிட்டாள். அவளுக்குப் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் தயார். உன்னைப் போன்ற கருவாட்டுப் பிரியனுக்குத்தான் அது சொர்க்கம். காய்ந்த மீனைப் பிய்த்து வெண்ணெய் தடவி அப்படியே கடிக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் எல்லோரிடமும் நானே திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ரெய்னிஸ்ஃபியாரா கறுப்பு மணலில் கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது. அமைதியாக இருக்கும், திடீரென்று ஓர் அலை கரையில் வெகுதூரம் ஏறி ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். பலர் செத்திருக்கிறார்கள். எச்சரிக்கை விளக்கு வைத்திருக்கிறார்கள், அதன் நிறத்தைப் பார்த்து அது சொல்கிற இடத்தில் நிற்க வேண்டும். செல்பிக் கூட்டத்தை நான் ஒரு பக்கமும் நீ ஒரு பக்கமும் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

ஆமாம், நீ என்றுதான் எழுதியிருக்கிறேன். ஒரு தம்பதிக்கு மகள் பிரசவம், வரவில்லை. இரண்டு இடம் காலி. தங்கச்சியால் முடியாதென்றால் நீ மட்டுமாவது வா, உன் மருமகள் அவளைப் பார்த்துக்கொள்வாள், நானே அவளிடம் பேசுகிறேன். ஓய்வுப் பணத்தை வங்கியில் பூட்டிவைத்து வட்டியை எண்ணிக்கொண்டிருக்கிறாய், அது எங்கேயும் ஓடிவிடாது. மாத்திரைகளைச் சாக்குச் சொல்லாதே, நானும் அதே மாத்திரைகளைத்தான் விழுங்குகிறேன். அந்த மலைமேல் நின்று துறைமுகத்தைப் பார்க்கும்போது பம்பைப் பற்றிப் பேச எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

இன்றைக்கே பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடு. எடுத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்கு அப்புறமும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு இரண்டு புகைப்படம், வங்கிக் கணக்கு விவரம், ஓய்வூதியப் புத்தக நகல், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. காப்பீட்டை மேனேஜர் பையன் போட்டுக் கொடுப்பான். புகைப்படத்துக்கு மட்டும் சிரிக்காதே, திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை வரை இடத்தை நிறுத்திவைத்திருக்கிறான். அதற்குள் போன் செய், ராத்திரி பத்து மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் மாமன்
சுந்தரம்