வீணைக்கு வாரிசு

கும்பகோணம்

அன்புள்ள நண்பா,

உன் முழங்கால் வலி குறைந்ததில் மகிழ்ச்சி. எனக்குக் கண்புரை எடுத்தாயிற்று. கூடத்தில் இவ்வளவு தூசியா என்று இப்போதுதான் தெரிகிறது. அதைத் தட்டப் போய்த்தான், எனக்குப் பிறகு இந்த வாத்தியங்களை யார் துடைப்பார்கள் என்ற யோசனை வந்தது.

நம்மோடு மிருதங்கம் கற்றானே, வடக்கு வீதிக்காரன்! அவன் காரியம் முடிந்த மறு வாரமே ஆர்மோனியம் காயலான் கடைக்குப் போய்விட்டது. பித்தளை ரீடுகளுக்கு மட்டும்தான் விலையாம். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். எது என்ன, யாருடையது என்று அவன் ஒருநாளும் சொல்லி வைத்ததில்லை.

பெரியப்பாவின் நாகசுரம் நரசிங்கம்பேட்டையில் கடைந்தது, ஆச்சா மரம். அந்த ஊர் நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. ஊத வருகிறவர் இல்லை. அரசு இசைப் பள்ளியில் படிக்கிற ஒரு பையனுக்கு அதைக் கொடுத்துவிடப் போகிறேன். மிருதங்கங்களும் அவ்வாறே. தோல் மூட்டு எப்படியும் மாற்ற வேண்டியதுதான். கட்டை பலா, பல காலம் தாங்கும்.

சிக்கல் அம்மாவின் வீணையில்தான். ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாந்த வீணை. குடத்தின் ஓரத்தில் யானைத் தந்த வேலைப்பாடு இருப்பது உனக்குத் தெரியும். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை நான் விற்க முடியாது. வாரிசுக்குப் போகலாம், அந்த வாரிசும் 90 நாட்களுக்குள் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமைச் சான்றிதழைத் தேடி எடுத்து, வீணை உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். ஆக, வீணை போகப்போவது திருச்சியில் இருக்கும் மகளிடம். அவளுக்கு ஒரு தந்தியும் மீட்டத் தெரியாது, பேத்தியோ கீபோர்டு வாசிக்கிறாள்!

அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாமே என்கிறாள் மகள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் வீணைக்கு, மெழுகில் மெட்டுகளைச் சுருதி பார்த்துப் பதித்து, யார் மேளம் கட்டுவார்கள், சொல். மெழுகு இறுகி மெட்டுகள் ஆடத் தொடங்கினால் சுருதி போய்விடும். விஜயதசமிக்கு விஜயதசமியாவது வாசிக்கத் தெரிந்த ஒருவரை வீட்டுக்கு அழைத்துத் தந்தியைத் தொடச் சொல் என்று கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறாள். செய்வாள் என்றுதான் நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் உயிலில் எழுதியாயிற்று. ஒவ்வொரு வாத்தியத்திலும் யார் வாசித்தது, எங்கே வாங்கியது என்று ஒரு சீட்டும் கட்டிவிட்டேன். உயிலுக்குச் சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எதிர்வீட்டு ஆசிரியர். மற்றவர் யார் என்று கேட்காதே, பேனாவோடு வா.

தம்பூராவுக்கு மட்டும் உயிலில் இடமில்லை. அது உனக்கு, நான் சாகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? வரும்போதே எடுத்துக்கொண்டு போ. பஸ்ஸில் மட்டும் ஏற்றாதே. நாம் சுமந்து போன அந்த நாளில் நடத்துநர் அதற்கும் டிக்கெட் கேட்டதும், நீ அரை டிக்கெட்டுக்கு வாதாடியதும் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உன்
பழைய பக்கப்பாட்டுக்காரன்