பாதுகாப்புத் துறை அமைச்சருக்குத் தக்கலையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்தியப் பாதுகாப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் மதராஸ் ரெஜிமெண்டில் 24 ஆண்டுகள் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். ஊர் கன்னியாகுமரி மாவட்டம், தக்கலைக்குப் பக்கம். என் மகனும் படையில்தான் இருக்கிறான், இப்போது ஜம்மு பக்கம் ஒரு மலையில். எந்த யூனிட், எந்த இடம் என்று எழுத மாட்டேன். அது முறையல்ல. படையில் காலியாகக் கிடக்கும் இடங்களைப் பற்றித்தான் இந்த மடல்.

2025 ஆவணியில் என் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்ததும் பெண்ணின் சகோதரன்தான் அவருக்குக் கால் கழுவி, மாலை போட்டு, கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வர வேண்டும். கூடப் பிறந்த அண்ணன் இருந்தும் அந்தச் சடங்கை என் தங்கை மகன் செய்தான். மேடையில் உட்கார்ந்திருந்த என் மகள் வாசலைப் பார்க்கவே இல்லை.

அந்தக் கல்யாணத்தை முதலில் வைகாசியில் வைப்பதாகத்தான் இருந்தது. ஏப்ரல் 22-ல் பஹல்காமில் 26 பேரைக் கொன்றார்கள். மே 7-ல் ஆபரேஷன் சிந்தூர். லீவெல்லாம் ரத்து, லீவில் வந்திருந்தவர்களும் திரும்பிப் போனார்கள். நானே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், சண்டை நேரம், தேதியைத் தள்ளி வைப்போம் என்று சொன்னேன். அவர்கள் அப்போதே சரி என்றார்கள். என் வீட்டில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீடுகள் அப்படி இருந்தன. அதை நீங்கள் அறிவீர்கள் என்று நம்புகிறேன்.

மே 10-ல் துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஆவணியில் வேறு நாள் பார்த்தோம். மகனுக்கு லீவு சாங்ஷன் ஆகிவிட்டது. ஹிம்சாகரில் டிக்கெட்டும் போட்டுவிட்டான். கட்ராவிலிருந்து கன்னியாகுமரிக்கு 3,700 கிலோமீட்டருக்கு மேல், மூன்று இரவு ரயிலில் கழியும், வாரத்தில் ஒரு நாள்தான் அந்த வண்டி. கிளம்ப வேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பு போன் வந்தது. "அப்பா, ரிலீவர் வரல்ல. போஸ்ட்ல ஆள் இல்லப்பா." அவனுக்குப் பதிலாக நிற்க வர வேண்டியவன் வரவில்லை. அவ்வளவுதான் சொன்னான். அவன் அம்மாவிடம் போனைக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னான்.

அமைச்சர் அவர்களே, எதிரி வந்து அவனைப் பிடித்து நிறுத்தியிருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். அன்று அங்கே சண்டை இல்லை. ஆள் இல்லை, அதுதான் காரணம். அவனுடைய அதிகாரிகள் மேலும் எனக்குக் கோபமில்லை. இல்லாத ஆளை அவர்கள் எங்கிருந்து கொண்டு வருவார்கள்?

ஆள் இல்லை என்றால் ஒரு போஸ்டில் என்ன நடக்கும் என்பதை, அங்கே நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு செக்‌ஷன் என்பது ஒரு சிறு குழு, 10 பேர். ஒருவர் லீவில் இருப்பார். ஒருவர் கோர்ஸுக்குப் போயிருப்பார். ஒருவர் கால் பிசகியோ காய்ச்சலிலோ ஆஸ்பத்திரியில் கிடப்பார். இன்னொருவரைக் கீழே ஏதாவது வேலைக்கு எடுத்திருப்பார்கள். மீதி ஆறு பேர். இரவுக் காவலுக்கு இரண்டு பேராகத்தான் நிற்க வேண்டும். இரண்டு மணி நேரம் நின்றால் நான்கு மணி நேரம் படுக்கலாம். அதற்குச் சரியாக ஆறு பேர் வேண்டும். அதில் ஒரு இடம் காலி என்றால் ஐந்து பேர். யாரோ ஒருவன் நின்ற காலோடு மறுபடி நிற்பான். காலையில் அதே ஐந்து பேர்தான் ரோந்து போக வேண்டும், வண்டிகள் வருமுன் பாதையில் வெடி இருக்கிறதா என்று ரோடு ஓபனிங் பார்க்க வேண்டும், தண்ணீரும் ரேஷனும் சுமந்து மேலே ஏற்ற வேண்டும். நாலைந்து மாதம் இப்படிப் போனால், விடிகாலை மூன்று மணிக்கு எதிரே அசைவது மரமா ஆளா என்று கண் சொல்லாது. தூக்கம் இல்லாதவன் எடுக்கும் தீர்மானத்தால் அவனும் சாகலாம், ஒரு பாவமும் அறியாத ஊர்க்காரனும் சாகலாம். லீவு என்று நான் எழுதும்போது ஒரு கல்யாணத்தை மட்டும் நினைத்து எழுதவில்லை.

கணக்கு உங்கள் துறையே கொடுத்ததுதான். பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் முன் வைக்கப்பட்டது. ஜவான்களும், அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் நடுவில் இருக்கும் ஜேசிஓக்களும் சேர்ந்து 11,97,520 பேர் இருக்க வேண்டும். 2024 அக்டோபர் 1-ல் இருந்தவர்கள் 11,05,110 பேர். குறைவு 92,410. அதிகாரிகளில் 50,538 பேர் இருக்க வேண்டிய இடத்தில் அந்த ஆண்டு ஜூலையில் இருந்தவர்கள் 42,095 பேர். ஜவான்களில் நூற்றுக்கு எட்டுப் பேர்தானே குறைவு என்று மேசையில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். அந்தக் குறைவு எல்லா இடத்திலும் சமமாக விழுவதில்லை. பயிற்சி மையத்தில் ஆள் வேண்டும், கிடங்கில் ஆள் வேண்டும், தலைமையகத்தில் ஆள் வேண்டும். அங்கெல்லாம் நிரப்பிய பிறகு மிச்சமுள்ள ஓட்டை கடைசியாக மலைமேல் இருக்கும் செக்‌ஷனில்தான் வந்து நிற்கும்.

காலி இடங்களை நிரப்புங்கள். நான் கேட்க வந்தது இதுதான்.

பதினொரு லட்சம் பேர் கொண்ட படை சிறிய படையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு பெரிய போருக்கு, எல்லாரையும் ஒரே நேரத்தில் கொண்டுபோய் நிறுத்தினால், அது பெரிய படைதான். நமக்கு வருவது அப்படியா? நமக்கு வருவதெல்லாம் சின்னச் சண்டைகள், அடிக்கடி வருபவை. சின்னச் சண்டைக்கு ஒரு குணம் உண்டு. சண்டை முடிந்துவிடும், அது திறந்த போஸ்ட் முடியாது.

1984 ஏப்ரல் 13-ல் சியாச்சினில் ஏறினோம். இன்னும் இறங்கவில்லை. 1999 வரை கார்கில் உயரங்களில் பல போஸ்டுகளைப் பனிக்காலத்தில் விட்டுவிட்டுக் கீழே வருவார்கள். அந்தச் சண்டையில் 527 பேரைக் கொடுத்த பிறகு வருடம் முழுக்க அங்கே நிற்கிறோம். காஷ்மீர் பள்ளத்தாக்கிலிருந்து சண்டைக்குப் போன 8-வது மலை டிவிஷன், பல ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு, அந்தப் பக்கமே தங்கிவிட்டது. 2020 ஜூன் 15-ல் கல்வானில் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி உட்பட 20 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அதன் பிறகு கிழக்கு லடாக்கில் பல்லாயிரம் பேர் கூடுதலாகப் போய் நின்றார்கள்.

அவர்கள் எங்கிருந்து போனார்கள் என்பதுதான் என் கேள்வி. புதிதாக எடுத்த ஆள் இல்லை. ஜம்மு பக்கம் தீவிரவாதிகளைத் தேடும் வேலையில் இருந்த ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் படைப்பிரிவு ஒன்றைப் பிரித்து லடாக்குக்கு அனுப்பினார்கள். 2021 அக்டோபரில், ஜம்மு பக்கத்துப் பூஞ்ச் காடுகளில் சில நாட்களுக்குள் ஒன்பது ஜவான்கள் கொல்லப்பட்டார்கள். அப்புறம் ரஜோரி, ரியாசி என்று நீண்டது. ஆளை எடுத்தது மட்டுமே காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு போர்வையை இழுத்துத் தலையை மூடினால் கால் வெளியே தெரியும் என்பதற்குப் படிப்பு வேண்டாம்.

இலங்கைக்குப் போனதும் எனக்கு நினைவிருக்கிறது. 1987-ல் ஒரு டிவிஷனோடு போனது நம் படை, போகப் போக நான்கு டிவிஷன் ஆனது. 1988-ல் நானும் போனேன், அப்போது எனக்கு 21 வயது. சில வாரத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். கடைசிக் கப்பல் கிளம்பியது 1990 மார்ச்சில். அங்கே தமிழ் பேசும் வீடுகளின் வாசலில் தமிழ் பேசும் நான் துப்பாக்கியோடு நின்றதைப் பற்றி இங்கே எழுத வரவில்லை. சின்ன வேலை என்று தொடங்கும் ஒன்று எத்தனை ஆளை விழுங்கும் என்று தொடங்குகிறவர்களுக்கே தெரியாது என்பதைச் சொல்லத்தான் எழுதினேன். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு ராஜஸ்தான் மணலில் பத்து மாதம் நின்றோம். அது போரே இல்லை. அதிலும் கண்ணிவெடி வைக்கும்போதும் எடுக்கும்போதும் ஆட்களை இழந்தோம்.

இனிமேல் போர் ட்ரோனும் ஏவுகணையும்தான், ஆள் எண்ணிக்கை முக்கியமில்லை என்று தொலைக்காட்சியில் பேசுகிறார்கள். ட்ரோன் வேண்டும், நிறைய வேண்டும். ஆனால் ஆபரேஷன் சிந்தூரின் அந்த நான்கு நாளும் பூஞ்சில் குண்டு விழுந்தபோது எல்லையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் மனிதர்கள். அடிபட்டவனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியதும் மனிதர்கள்தான்.

பணம் பென்ஷனுக்கே போகிறது என்றும் சொல்கிறார்கள். நானும் அந்தப் பென்ஷனில் சாப்பிடுகிறவன், அதனால் இதைப் பேச எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. இருந்தாலும் கேட்கிறேன். சீன எல்லைக்கென்று 90,000 பேர் கொண்ட மலைத் தாக்குதல் கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படை) ஒன்றுக்கு 2013-ல் அரசே ஒப்புதல் கொடுத்தது. பாதியில் பணமில்லை என்று நின்றது. எல்லை அப்படியேதான் இருக்கிறது. வேலையைக் குறைக்காமல் ஆளை மட்டும் குறைப்பது எப்படிச் சிக்கனமாகும்?

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. குளச்சலில் 1741 வெற்றியின் தூண் இன்றும் நிற்கிறது. எங்கள் ரெஜிமெண்டின் பழைய பட்டாலியன்களில் திருவிதாங்கூர் படையிலிருந்து வந்தவையும் உண்டு. குளச்சலில் டச்சுக்காரர்களை வென்ற பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, போர் முடிந்ததே என்று ஆளைக் குறைக்கவில்லை. அடுத்தடுத்து வடக்கே சண்டைகள் இருக்கின்றன என்று அவருக்குத் தெரியும். பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டி லனோயையே தன் வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்க வைத்து, உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தி, நிலையான படையை வளர்த்தார். அந்த டி லனோயின் கல்லறை இங்கே புலியூர்க்குறிச்சியில், என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில்தான் இருக்கிறது. இன்றைக்கும் இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. காலை ஐந்து மணிக்கு நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கம் பக்கம் வந்து பாருங்கள், 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடப் பழகும் பிள்ளைகளைப் பார்க்கலாம்.

அப்படி ஓடியவர்களில் என் அண்ணன் மகனும் ஒருவன். ஓட்டத்தில் தேறினான், மெடிக்கலிலும் தேறினான். எழுத்துத் தேர்வு இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்தான். கொரோனா என்று 2020-21, 2021-22 இரண்டு ஆண்டும் ராணுவத்துக்கு ஆள் எடுக்கவில்லை. ஓய்வு பெறுகிறவர்கள் மட்டும் வழக்கம்போல வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். 2022 ஜூன் 14-ல், நான்கு ஆண்டுக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டத்தை அறிவித்தீர்கள். பழைய தேர்வு மொத்தமாக ரத்தானது. எல்லாவற்றிலும் தேறி நின்ற பிள்ளைகளுக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. அண்ணன் மகன் இப்போது குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறான். கெளரவமான வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே இவன் வேலைக்காக நின்ற அதே இரண்டு வருடத்தில் அங்கே என் மகனின் போஸ்டில் இடம் காலியானது. இந்த இரண்டையும் பொருத்திப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

மன்னிக்க வேண்டும், மரியாதையோடு கேட்கத்தான் உட்கார்ந்தேன்.

அக்னிபத்தில் சேர்ந்த அக்னிவீரர்களின் முதல் அணி 2026 கடைசியில் தொடங்கி நான்கு ஆண்டை முடிக்கிறது. நூற்றுக்கு 25 பேரைத்தான் வைத்துக்கொள்வோம் என்பது விதி. மலையில் எப்படி நடப்பது, எங்கே கால் வைப்பது, எந்தச் சத்தத்துக்குப் படுப்பது என்று ஒருவன் கற்றுக்கொள்ளவே இரண்டு மூன்று வருடமாகும். அப்படிக் கற்றவர்களில் நான்கில் மூன்று பேரை, இத்தனை காலி இடத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவது வேண்டாம். இருக்க விரும்புகிறவர்களில் தகுதியுள்ள எல்லாரையும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் குறைகிற இடங்களுக்கு எந்த ஆண்டுக்குள் எத்தனை பேரை எடுப்போம் என்று நாடாளுமன்றத்தில் எழுத்தில் வையுங்கள். இன்னொன்று, இனி ஒரு புதுப் போஸ்ட் திறந்தால், அதற்கான ஆள் பழைய போஸ்டிலிருந்து வரக்கூடாது, புதிய ஒப்புதலோடு வர வேண்டும் என்று ஒரு விதி செய்யுங்கள். காலி இடங்களை நிரப்புங்கள் என்று நான் சொல்வதன் முழு அர்த்தம் இதுதான்.

என் மகனை அங்கிருந்து மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவனும் கேட்க மாட்டான். அவன் பக்கத்தில் நிற்க இன்னொரு தம்பியை அனுப்புங்கள்.

மாசியில் லீவு வேண்டும் என்று மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறான். தங்கையின் மாப்பிள்ளையை அவன் இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறான். கல்யாணத்துக்கு அவனுக்காக எடுத்த பட்டு வேட்டி பீரோவில் அப்படியே இருக்கிறது. ரிலீவர் வந்தால் கட்டிக்கொள்வான்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,

வணக்கத்துடன்,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
மதராஸ் ரெஜிமெண்ட்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.