மொழியியல் படிக்க எங்கே போவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடித்த என் மகள் மொழியியலும் (மொழிகள் இயங்கும் விதத்தை ஆராயும் படிப்பு) ஒப்பிலக்கியமும் (பல மொழி இலக்கியங்களை ஒப்பிட்டுப் படிப்பது) படிக்க வேண்டும் என்கிறாள். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் ஒரே வியாபாரி விவசாயியிடம் தெலுங்கிலும், லாரிக்காரரிடம் கன்னடத்திலும், என்னிடம் தமிழிலும் விலை பேசுவதைக் கேட்டு வளர்ந்தவள். தமிழ் இரண்டு, தெலுங்கு ரெண்டு, கன்னட எரடு என்று மூன்றையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

விசாரிக்கப் போன ஒரு கல்லூரியில், "அதெல்லாம் எதுக்கு சார், பி.காம். சேர்த்து விடுங்க" என்றார்கள். சரி என்று நாங்களே தேடினோம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் கோவை பாரதியாரிலும் மொழியியல் துறைகள் உண்டு. ஒப்பிலக்கியத்துக்குத் தனித்துறை 1956இல் தொடங்கியது கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில். அவ்வளவு தூரம் அனுப்ப அவள் அம்மா சம்மதிக்க வேண்டுமே! ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

ஆச்சரியம் என்னவென்றால், ஆந்திர எல்லை தாண்டினால் குப்பம் என்ற ஊரில் 1997இல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம். தென்னிந்திய மொழிகளுக்காகவே வந்தது. இங்கே பலருக்கு அது தெரியவே இல்லை.

பெயரைப் பார்த்துச் சேரக் கூடாது என்பதும் புரிந்தது. பல இடங்களில் மொழியியல் எம்.ஏ.வில்தான் தொடங்குகிறது. அதனால் இளங்கலை உண்டா, எத்தனை நிரந்தர ஆசிரியர்கள், மூன்றாவதாக ஒரு மொழி கற்பிக்கிறார்களா என்று நேரில் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் மாவட்டப் பள்ளி மாணவர்களுக்கு உயர்கல்விக்கு வழிகாட்டும் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகளில் இந்தப் படிப்புக்கும் பத்து நிமிடம் ஒதுக்கினால் நல்லது.

– ஒரு தகப்பன், காவேரிப்பட்டணம்