ஸ்பீக்கர் இல்லாத ஒரு படகு வேண்டும்

மதுரையிலிருந்து கேரளத்துத் தட்டேக்காட்டுக்குப் பறவைச் சுற்றுலா அழைத்துப் போகும் அன்பர்களுக்கு,

வணக்கம். போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை உங்கள் வேனில் வந்தவன். பெயரைச் சொன்னால் தெரியாது. படகில் பாட்டை நிறுத்தச் சொன்ன பெரியவரின் மகன் என்றால் சட்டென்று நினைவு வரும். நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் முதலிலிருந்து சொல்லவில்லை. ஆறரைக்கு என்று போட்டிருந்த படகு பத்தே முக்காலுக்குக் கிளம்பியதைக்கூட விட்டுவிடுகிறேன். வழியில் ஏலக்காய்க் கடையில் போன ஒரு மணி நேரத்தில் என் கால் கிலோவும் உண்டு.

அப்பாவைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். கள்ளந்திரிப் பக்கம் பெரியாறு கால்வாயில் ஷட்டரை ஏற்றி இறக்கியே முப்பது வருடம் ஓட்டினார். மேற்கே போன ஆற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து 1895இல் நம் பக்கம் திருப்பிவிட்டார்களே, அந்தத் தண்ணீர். அது தன் போக்கில் மேற்கே ஓடுகிற இடத்தை அவர் பார்த்ததே இல்லை. உங்கள் நோட்டீஸில் 'பெரியாற்றில் படகுப் பயணம்' என்ற வரியைப் படித்துக் காட்டியதும், "அப்ப நம்ம ஆறுதானே, போவோம்" என்றார்.

இப்போது வயது எழுபத்தாறு. சர்க்கரையில் கண் பாதிக்குமேல் போய்விட்டது. அவருக்குப் பறவை என்றால் சத்தம்தான். விடிகாலையில் திண்ணையில் உட்கார்ந்து, இது கானாங்கோழி, இது செம்போத்து, இது தவிட்டுக்குருவி என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

அவரை நீங்கள் உட்கார வைத்தது ஸ்பீக்கருக்கு நேர் கீழே.

நேரிலேயே கேட்டார். "தம்பி, பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்." உங்கள் வழிகாட்டித் தம்பி சிரித்துக்கொண்டே, "எல்லாரும் என்ஜாய் பண்றாங்கல்ல ஐயா" என்றார். கரையோரம் ஒரு பட்டமரத்தில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்த பாம்புத்தாரா, நாங்கள் நெருங்கும் முன்பே எழுந்து போய்விட்டது. அதற்காவது இறக்கை இருந்தது.

பிறகு விசிறியில் பாசி சுற்றி எஞ்சின் நின்றது, நினைவிருக்கிறதா? அதோடு பாட்டும் நின்றது. படகின் வயிற்றில் தண்ணீர் தட்டுகிற சத்தம் அப்போதுதான் கேட்டது. அப்பா தலையைச் சாய்த்து என் முழங்கையைப் பிடித்தார். "செம்போத்து கேக்குதா? நம்ம ஊரு மாதிரியேதான் கூப்பிடுது. அதுக்குப் பின்னாடி ஒண்ணு விட்டு விட்டுக் கூப்பிடுதே, அது எனக்குப் புதுசு." என்ன பறவை என்று கேட்கத் தம்பியைத் தேடினேன். அவர் ஸ்பீக்கர் வயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஏழெட்டு நிமிடம் இருக்கும். எங்கள் பறவைச் சுற்றுலா மொத்தமும் அவ்வளவுதான். அந்த நேரத்துக்குத்தான் நீங்கள் மன்னிப்புக் கேட்டு ஆளுக்கொரு மாம்பழ ஜூஸ் கொடுத்தீர்கள்.

அதனால் கேட்கிறேன்: காலை ஆறரைக்கு, ஸ்பீக்கர் இல்லாமல், ஒரே ஒரு படகு. மற்ற படகுகளில் உங்கள் விருப்பம்போல் ஆடிப் பாடிக்கொள்ளுங்கள்.

நோட்டீஸில் சாலிம் அலியின் படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பக்கமெல்லாம் பறவைக் கணக்கெடுத்தபோது தட்டேக்காட்டின் அருமையை உலகுக்குச் சொன்னவர். 1983இல் சரணாலயமான காட்டுக்கு இன்று அவர் பெயர்தான். அவர் குத்துப்பாட்டோடு போனதாக நான் எங்கும் படித்ததில்லை.

மறுநாள் காட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தவளைவாயன் என்கிற பறவை பகலெல்லாம் காய்ந்த இலைக்கொத்து மாதிரி அசையாமல் இருக்கும்; அதுதான் அதற்குப் பாதுகாப்பு. இடுவது ஒரே முட்டை, பகலில் அடைகாப்பது ஆண் பறவை. அது கண்ணைத் திறந்தால் படம் நன்றாக வரும் என்று தம்பி கிளையை ஆட்டினார். ஐயா, அது தூங்குகிற பிள்ளையை விருந்தாளிக்காக எழுப்புவது போல அல்ல, அதைவிட மோசம்.

உங்களை மட்டும் சொல்லி என்ன செய்ய? நமக்கே சத்தமில்லாமல் எதுவும் செய்யத் தெரியாது. காது குத்தென்றாலும் கருமாதியென்றாலும் தெருவுக்கு நாலு குழாய். கண்மாய்க் கரையில் நாரை பார்க்க வருகிறவர்கூட வண்டி ஹாரனை அடித்துப் பறக்கவைத்துத்தான் பார்க்கிறார். ஆனால் இதே சீமையில், திருப்பத்தூர் பக்கம் கொள்ளுகுடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாதென்று தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் வருடம் முழுக்கக் காத்திருக்கும் ஒரு நாளையே விட்டுக்கொடுக்கிறார்கள். உங்களைக் கேட்பது இரண்டு மணி நேரம்.

எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 6,800 ரூபாய் கட்டினோம். அதில் ஒரு பைசா திருப்பிக் கேட்கவில்லை. வேன் ஓட்டுநர் மலைப்பாதையில் அத்தனை பொறுமையாக ஓட்டினார், சாப்பாடும் குறை சொல்ல முடியாது. வேண்டுவது அந்த ஒரு படகு. ஆறரைக்கு. ஸ்பீக்கரைக் கழற்றி வைத்துவிட்டு. முடிந்தால் எஞ்சினையும் நடு ஆற்றில் பத்து நிமிடம், பாசி சுற்றாமலே, நிறுத்தச் சொல்லுங்கள்.

அடுத்த பயணம் எப்போது என்று தயவுசெய்து தெரிவிக்கவும். அந்தப் புதுக் குரல் எதுவென்று அப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
மூன்றாம் வரிசை, ஜன்னலோரம்
மதுரை