தனித்தட்டு வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் எனக்கும் தங்கைக்கும் ஹெபடைட்டிஸ் பி என்ற, கல்லீரலைத் தாக்கும் கிருமித் தொற்று இருக்கிறது. தங்கையின் பிள்ளைக்கு இல்லை. அந்த இரண்டாவது வரியை எழுத முடிவதற்குப் பலர் காரணம். சிலரிடம் நேரில் நன்றி சொல்லக்கூட வாய்ப்பு அமையவில்லை. அதனால்தான் இந்த மடல்.

கர்ப்பகாலப் பரிசோதனையின்போது தங்கையின் விரலில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்த செவிலியர் அக்காவுக்கு முதல் நன்றி. தங்கைக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை. வலியோ களைப்போ எதுவும் கிடையாது. அந்த டெஸ்ட் அங்கே இல்லாமல் போயிருந்தால் எங்களுக்கு எதுவுமே தெரிந்திருக்காது. 2022 கணக்குப்படி உலகத்தில் 25 கோடிப் பேருக்கு மேல் இந்தத் தொற்று நாள்பட்டு இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது.

அடுத்து, வீட்டுக்கே வந்து எங்களை உட்காரவைத்துப் பேசிய சுகாதாரப் பணியாளர் அம்மாவுக்கு. நீங்கள் வருவதற்குள் சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்டுத் தங்கைக்குத் தனித்தட்டு, தனி டம்ளர் எல்லாம் ஒதுக்கிவிட்டிருந்தோம். அதைப் பார்த்ததும் நீங்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "தட்டை ஏம்மா பிரிச்சீங்க? பிளேடைப் பிரிங்க!"

ஒன்றாகச் சாப்பிட்டால் வராது, கட்டிப்பிடித்தால் வராது, இருமினால் தும்மினால் வராது, தாய்ப்பாலாலும் வராது என்று பொறுமையாகச் சொன்னீர்கள். வருவது ரத்தத்தாலும் உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்தும். கண்ணுக்கே தெரியாத அளவு ரத்தம் போதும். உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் இந்தக் கிருமி உயிரோடு இருக்கும். அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டில் பொதுவாக இருந்த ரேஸரும் நகவெட்டியும் அவசரத்துக்கு மாற்றிக்கொண்ட டூத்பிரஷும்தான் ஆபத்து. பிள்ளைகள் நெருக்கிப் படுக்கும் இடத்தில் ஒருவர் சொறிந்த புண் இன்னொருவர் சிராய்ப்பில் பட்டாலும் போதும். ஒரு ரேஸரை நாலு பேர் பயன்படுத்தியது அசட்டையால் அல்ல, கையில் இருந்தது ஒன்றுதான் என்பதால். அதைப் புரிந்துகொண்டு, திட்டாமல் பேசினீர்கள். புண்ணை மூடி வைக்கவும், சிந்திய ரத்தத்தைக் கையில் உறை போட்டு பிளீச்சிங் கரைசலால் துடைக்கவும் சொல்லிக்கொடுத்தீர்கள்.

அன்று அம்மா அழுதார், என்னால்தான் பிள்ளைகளுக்கு வந்ததா என்று. எங்களுக்கு எப்போது வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பிறக்கும்போதே வந்திருக்கலாம், சின்ன வயதில் எங்களுக்குள்ளேயே பரவியிருக்கலாம். கைக்குழந்தையாக இருக்கும்போது தொற்றினால் நூற்றில் 90 பேருக்கு அது நிலைத்துவிடுகிறது. பெரியவர்களுக்கு வந்தால் 5 பேருக்குக்கூட நிலைப்பதில்லை. "இது யார் மேலயும் போடற பழி இல்லம்மா" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அம்மா பரிசோதனைக்கே சம்மதித்தார்.

கிருமியின் அளவு பார்த்து, பிரசவத்துக்கு முன்பே தங்கைக்கு, கிருமியைக் கட்டுப்படுத்தும் டெனோஃபோவிர் மாத்திரை தொடங்கிய டாக்டருக்கு நன்றி. மாப்பிள்ளைக்கும் சொல்லியாக வேண்டும். ஒரு வார்த்தை கடிந்து பேசாமல், தனக்குத் தொற்று இல்லை என்று தெரிந்ததும் தடுப்பூசியின் மூன்று டோஸையும் போட்டுக்கொண்டார்.

பிரசவ அறையில் இரவுப் பணியில் இருந்த நர்ஸ் அம்மா, உங்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போட வேண்டும். பத்து டோஸ் குப்பியை ஒரு பிள்ளைக்காகத் திறப்பதா என்று தயங்கி, நாளைக்கு, நாளன்றைக்கு என்று தள்ளிப்போடும் இடங்கள் இன்னும் உண்டு. திறந்த குப்பியை முறைப்படி குளிரில் வைத்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாமே! நீங்கள் தயங்கவில்லை. வேலை முடிந்து கிளம்பும் முன்பே போட்டுவிட்டீர்கள். அடுத்த டோஸ்களுக்கு நாள் குறித்துக் கொடுத்ததும் நீங்கள்தான்.

நேரில் பார்க்கவே முடியாத சிலருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 1960களில் இந்தக் கிருமியின் தடயத்தை ரத்தத்தில் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி பாரூக் பிளம்பர்க், 1984-இல் தேசிய அளவில் பச்சிளங்குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசியைத் தொடங்கிய தைவான் மக்கள். அங்கே இந்தத் தொற்றால் பிள்ளைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் பிறகு வெகுவாகக் குறைந்தது. அந்தத் துணிச்சல்தான் எங்கள் வீடு வரை வந்திருக்கிறது.

அப்புறம் அக்கம்பக்கத்தாருக்கு. விஷயம் தெரிந்த பிறகும் எங்கள் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினீர்கள், உங்கள் பிள்ளைகளை எங்களோடு விளையாட விட்டீர்கள். சிலர் தாங்களாகவே போய்ப் பரிசோதித்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு விட்டுப்போன ஊசியையும் போட்டுவிட்டார்கள். எங்களை ஒதுக்கியிருந்தால் நாங்கள் இதை மறைத்திருப்போம். மறைத்திருந்தால் இந்த ஊசிகளும் நடந்திருக்காது.

பிள்ளைக்கு ஒரு வயது ஆனதும் ரத்தம் பார்த்தார்கள். தொற்று இல்லை, எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. எனக்கும் அம்மாவுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் பரிசோதனை தொடர்கிறது. செவிலியர் அக்கா, பிள்ளையைப் பார்க்கணும் என்று சொல்லியனுப்பினீர்களாமே. அடுத்த முறை வரும்போது தூக்கிக்கொண்டு வருகிறோம்.

நன்றியோடு,
பிள்ளையின் பெரியம்மா